ரீத்தா போட்ட கழித்தல்

செவ்வாய், நவம்பர் 1974

மூன்றாம் வகுப்பு ரீத்தா கணக்கை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகளைச் சீண்டுகிறாள். அதனால் காலையில் அவளைக் கடல் பார்த்த ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.

"போற வள்ளத்தை எண்ணு. சாயங்காலம் திரும்பி வாரதை அதுல கழி."

பள்ளி விடும்போது, "டீச்சர், ஒண்ணு மீதி வருது," என்றாள். மறுபடி எண்ணச் சொன்னேன். அப்போதும் ஒன்றுதான் மீதி.

அவளைக் கூட்டிப்போக வந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "கடலுக்குப் போனதை எண்ணப்பிடாது டீச்சர். நீங்க கடல் இல்லாத நாசரேத்துக்காரவுக, ஒங்களுக்குத் தெரியாது. இவ அப்பாவும் போயிருக்காவ."

பிள்ளை தப்பாக எண்ணியிருப்பாள் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

இப்போது காற்று கதவை உலுக்குகிறது. ரீத்தா இதுவரை ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை.