காபித் தோல் தின்ற மாடு

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு, தியாகதுருகத்திலிருந்து அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், மாடும் இப்போது சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது, தூக்கமே வரமாட்டேன் என்கிறது அம்மா என்று போனில் அழுதாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டப்ளின் ஆஸ்பத்திரியில் வேலை அதிகமா, குளிரா, மனசில் ஏதாவது கஷ்டமா என்று ஒன்றும் புரியாமல் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இந்தக் கதையைப் போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதிப் பார்சலோடு வைக்கிறேன்.

நம் கொளஞ்சியப்பன் சித்தப்பா கல்வராயன் மலைக்கு லோடு ஏற்றப் போனவர், காபிக்கொட்டை உடைக்கிற மிஷினில் ஒதுங்கிய தோலை ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். "மலையில சும்மா கொட்டிக்கினு இருக்காங்க அண்ணி, இன்னாத்துக்காவது ஒதவும்" என்றார். எனக்குத்தான் எதையும் சும்மா விட மனசு வராதே. அடுப்பில் போட்டேன், எரிந்ததைவிடப் புகைந்ததுதான் ஜாஸ்தி. உளுந்துத் தோலைப் பொட்டு என்று தின்கிற மாடு இந்தத் தோலைத் தின்னாதா என்று தவிட்டில் கலந்து வைத்தேன், நக்கி நக்கித் தின்றது. அதற்குப் பிறகு படுக்கவே இல்லை, கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்தது. "செனை மாட்டுக்கு இன்னாடி போட்ட" என்று அப்பா கத்தினார். அவருக்குத் தெரியாமல் ஒரு கை தோலைக் கொதிக்கவைத்து நானே குடித்துப் பார்த்தேன். புளிப்பும் இனிப்புமாக நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விடிகிறவரை நானும் மாடும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். தோலை நிறுத்தினேன், மாடு அசந்து படுத்தது.

அப்போதுதான் உன் நினைப்பு வந்தது. தோலுக்கே இந்த ஆட்டம், நீ கொட்டையை அல்லவா குடிக்கிறாய், டூட்டிக்குப் போகும்போது ஒன்று, நடுவில் ஒன்று, வந்ததும் ஒன்று என்று பெருமையாகச் சொன்னாயே. எதற்கும் டாக்டரையும் பார்த்துவிடு, உன் அம்மா மாட்டை வைத்துத்தான் வைத்தியம் சொல்கிறாள். மீதித் தோலை மக்கவைத்துக் கறிவேப்பிலைக்குப் போடப்போகிறேன், அது தூங்காமல் துளிர்க்கட்டும்.

படுத்ததும் கண்ணயர்ந்து, விடிந்ததும் சிரித்த முகமாக நீ எழ வேண்டும், அதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். பார்சலில் முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், சுக்குமல்லித் தூள் எல்லாம் இருக்கிறது. நீ கேட்ட காபித்தூளை மட்டும் தேடாதே. வைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா கமலா