பூக்கட்டிப் பார்த்த படிப்பு

பொங்கோல்,
மே 14, புதன்கிழமை.

அன்புள்ள பவித்ரா அப்பாவுக்கு,

வசந்தா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே ஒரு பொய்யை எழுதிவிட்டு மீதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, அதை மட்டும் நம்பிக்கொள்ளுங்கள். எனக்குத்தான் அலுப்பாக இருக்கிறது. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை இது.

அங்கமுத்து அண்ணன் லீவு முடிந்து சனிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடப் போகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் எந்த அறையில் நின்று பேசினாலும் பவித்ரா காதில் விழும். நீங்களோ, நான் பாதி சொல்வதற்குள் "சைட்ல கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. இன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு முனீரா, உங்கள் அப்பாவைக் கீழே பூங்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அவர்கள் திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

உங்கள் அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். காலையில் நான் தஞ்சோங் பகார் ஆபீசுக்குக் கிளம்பினால் அவரும் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். "கப்பல் வந்துடும்மா, நேரமாச்சு" என்கிறார். துறைமுகத்தில் சரக்கு இறக்கியதைக் குறித்துக்கொண்டு நின்ற காலம் அவருக்கு இன்னும் முடியவில்லை. முதியோர் பராமரிப்பு நிலையத்து வேன் வந்ததும் பவித்ராதான் "இது ஆபீஸ் வண்டி தாத்தா, ஏறுங்க" என்று ஏற்றி அனுப்புகிறாள். போன மாதம் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் போய்விட்டார். நான் ஆபீசில் இருந்தேன். அவள்தான் வீட்டுச் செருப்போடு ஓடித் தேடி அழைத்து வந்தாள்.

அவளைத் தன் அக்கா முத்தாயி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அக்கா சொன்னால் குளிப்பார். அக்கா தட்டில் வைத்தால் சாப்பிடுவார். நான் யார் என்பது நாளுக்கு நாள் மாறும். போன வாரம் நான் சம்பளம் கொடுக்கிற அம்மா. இந்த மாதம் இன்னும் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, பிறகு சிரிக்கவும் முடியவில்லை. பணிப்பெண்கள் வந்ததும் போனதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மகளுக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. இங்கே கெண்ட் ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ். இங்கிலாந்தில், மான்செஸ்டரில், கணிதம். வேறு எதோடும் சேராத வெறும் கணிதம். இந்த மாதக் கடைசிக்குள் ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். இங்கேயே கணிதம் படிக்கலாமே என்று போன தடவை கேட்டீர்கள். விண்ணப்பத்தில் டேட்டா சயின்ஸை முதலில் போடச் சொன்னது யார்? "கணக்கு படிச்சா கடைசியில டியூஷன்தான் எடுக்கணும்" என்று சொன்னது யார்? அவள் உங்கள் பேச்சைத் தட்டவில்லை. முதலில் போட்டதே கிடைத்துவிட்டதால், அதற்குக் கீழே எழுதியதெல்லாம் இல்லையென்று ஆகிவிட்டது. மான்செஸ்டருக்கு மட்டும் தன் ஆசைக்காகத் தனியே எழுதிப் போட்டிருந்தாள்.

டேட்டா சயின்ஸும் கணக்குதானே என்று நானும்தான் கேட்டேன். "அம்மா, அங்க கணக்கை வச்சு வேற எதையாவது கண்டுபிடிப்பாங்க. எனக்கு அந்தக் கணக்கே ஏன் அப்படி இருக்குன்னு தெரியணும்" என்றாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் அவள் மார்க்கரால் எழுதி வைப்பதை நான் ஒருநாளும் துடைத்ததில்லை. எண்களே இருக்காது, எழுத்தும் அம்புக்குறியுமாக இருக்கும். குழம்பு கொதிக்கிற ஆவியில் ஒரு மூலை கரைந்துவிட்டால், "ஐயோம்மா, அது இன்னும் முடியலை" என்று ஓடி வருவாள். வீட்டில் சமைப்பவளுக்கு ஜன்னலைத் திறக்க உரிமை இல்லை. அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் காய் நறுக்குவேன்.

அரசாங்க உதவித்தொகைக்கு வீடியோவில் நேர்காணல் நடந்ததே, அதை உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. அவள் எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் அப்பா கைலியோடு உள்ளே போய்விட்டார். திரையில் இருந்தவர்களைப் பார்த்து, "எந்தக் கப்பல்ல வந்தீங்க?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் பதறவில்லை. எழுந்து அவருக்கு ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, இவர் என் தாத்தா என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவர் கையை அவள் கை பிடித்தபடியே இருந்தது. நான் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவளைப் பெற்றதற்கு நாம் என்ன புண்ணியம் செய்தோமோ.

உதவித்தொகை கிடைத்துவிட்டது. படிப்பு, தங்கல், விமானம் எல்லாம் அதில் அடக்கம். திரும்பி வந்தால் அரசாங்க வேலை. அதனால் பணமும் வேலையும் என்று நீங்கள் சொல்லி வந்த காரணம் இரண்டும் போய்விட்டன. மிச்சமிருக்கிற காரணத்தை நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடிதம் வந்த அன்று குதித்தவள் மறுநாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டால், "பார்க்கலாம் லா மா" என்பாள். அவ்வளவுதான்.

எனக்கும் தலை சுற்றியது. பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தன் அத்தை மகள் ரோஷினி கல்யாணத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தபோது, "இது காசு சுண்டறதுதான், பிப்டி பிப்டி" என்று உங்கள் தங்கையிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள். இந்தத் தடவை உடனே, "சரிம்மா, ஞாயித்துக்கிழமை போலாம்" என்றாள். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நெரிசலில் உங்கள் அப்பா கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனேன். லட்சுமி பூக்கடையில் மல்லிகை கேட்டேன். "மல்லி வேணாங்கக்கா, வாசமே காட்டிக் கொடுத்துடும்" என்று சொல்லி வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை வந்தால் மான்செஸ்டர், சிவப்பு வந்தால் இங்கே என்று பேசிக்கொண்டோம். "நீங்க தாத்தாவைப் பாருங்கம்மா, நான் கட்டறேன்" என்று பவித்ரா கடை ஓரமாக நின்று வாழையிலைத் துண்டில் வைத்து நூல் சுற்றிக் கொண்டுவந்தாள். இரண்டும் ஒரே மாதிரி, அச்சு எடுத்தது போல இருந்தன.

காளியம்மன் காலடியில் வைத்து அர்ச்சனை செய்து, குருக்கள் தட்டை நீட்டினார். வரிசையில் தன் அப்பா தோளிலிருந்த ஒரு பெண்குழந்தையை எடுக்கச் சொன்னோம். பிரித்தால் சிவப்பு. பவித்ரா கும்பிட்ட கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். "சாமியே சொல்லிடுச்சு, முடிஞ்சுதும்மா" என்றாள். பிறகு தேக்கா சென்டரில் மூவரும் புரோட்டா சாப்பிட்டோம். தாத்தாவுக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டே என்னென்னவோ பேசிச் சிரித்தாள்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் போகமாட்டாள், காலையில் வேனுக்கு ஆள் இருக்கும், நான் தனியாக இல்லை என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கோயில் பூக்கூடையிலேயே போட்டுவிடுவார்கள். ஆனால் உங்கள் அப்பா கண்ணில் பட்டதையெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொள்பவர். டிஷ்யூ, ரசீது, காப்பிக் கடைக் கரண்டி என்று எல்லாம் இருக்கும். நேற்று துணியை மெஷினில் போடுமுன் வழக்கம்போலப் பையைத் துழாவினேன். வாழையிலைப் பொட்டலம் ஒன்று வந்தது. தட்டிலிருந்து எப்போது எடுத்தாரோ, நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. பிரித்தேன். வாடிப்போன அரளி. அதுவும் சிவப்பு.

அப்படியே மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில், அவசரத்தில் மாற்றிக் கட்டிவிட்டாளோ என்று நினைத்தேன். அவளா மாற்றிக் கட்டுவாள்? சாமி வேறு எதையும் சொல்லிவிட முடியாதபடி இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டியிருக்கிறாள். நான் போகவில்லை என்று அவளாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அதனால் பழியைத் தூக்கி அம்மன் தலையில் போட்டுவிட்டாள். நானும் சும்மா இருப்பேன், நீங்களும் சும்மா இருப்பீர்கள், யார் மேலும் யாருக்கும் வருத்தம் இருக்காது. இந்த வயதில் இவ்வளவு யோசிக்க வைத்துவிட்டோமே என்று அழுதேன்.

அவளிடம் எதுவும் கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு சமைக்கப் போனேன். சமையலறை ஜன்னலில் ஒரு எழுத்து இல்லை. அவளே துடைத்திருக்கிறாள். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, எதிர் பிளாக்கில் துணி காய்வது வரைக்கும் தெரிகிறது.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஒரே ஒரு வருடம் என்று போனீர்கள். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. பணத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். போன லீவில் உங்கள் அப்பா உங்களைப் பார்த்து, "தம்பி யாரு, எந்தக் கப்பல்?" என்று கேட்டாரே, அன்றைக்கு நீங்கள் வெளியே போய் லிப்ட் பக்கம் வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன். அந்த வாரமே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். சைட்டில் அவசரம் என்றீர்கள், நானும் தலையாட்டினேன். பெற்றவரே யார் என்று கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என்னையும்தான் அவர் யார் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறார். கொஞ்ச நாளில் பழகிவிடும், உங்களுக்கும் பழகிவிடும்.

இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றீர்கள். போடாதீர்கள். துவாஸ் பக்கம் கப்பல் கட்டும் யார்டில் ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் குறைவுதான் என்று அங்கமுத்து அண்ணன் சொன்னார். சமாளித்துக்கொள்ளலாம். நான் இதுவரை உங்களிடம் எதற்கும் பிடிவாதம் பிடித்ததில்லை. இது ஒன்றுக்குப் பிடிக்கிறேன்.

பவித்ராவைக் கூப்பிட்டு நீங்களே பேசுங்கள். நான் போகச் சொன்னால் நம்பமாட்டாள், அம்மா சும்மா சொல்கிறாள் என்பாள். "நான் வீட்டுக்கு வர்றேன், நீ மான்செஸ்டருக்குப் போ" என்று உங்கள் வாயால் அவள் கேட்க வேண்டும். பொட்டலத்தை நான் பார்த்ததைச் சொல்லிவிடாதீர்கள். அது அவளுக்கும் அம்மனுக்கும் நடுவில் இருக்கட்டும்.

முனீரா குரல் கேட்கிறது, லிப்டில் வந்துவிட்டார்கள். வெயிலில் நிற்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள். எங்கே இருந்தாலும் அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.

இந்த உறைக்குள் வாழையிலையில் கட்டிய இரண்டு பொட்டலம் இருக்கும். உங்களுக்காகக் கட்டியது. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அங்கமுத்து அண்ணனை ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை வந்தால் வீட்டுக்கு வாருங்கள். சிவப்பு வந்தால் கையெழுத்துப் போடுங்கள், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். காலையில் லட்சுமி கடைக்குப் போய் வந்தேன். வெள்ளைப் பூ மட்டும்தான் வாங்கினேன்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
வசந்தகுமாரி