சொந்தமாக வாங்கித் தின்ற சாக்லெட்டைத் திருட்டு என்று பதிந்தது குறித்து

அனுப்புநர்:
கோ. அறிவுமதி (வயது 23),
த/பெ. கோதண்டம்,
பள்ளிக்கூடத் தெரு,
சுங்குவார்சத்திரம் அஞ்சல்.

பெறுநர்:
தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: செய்யாத திருட்டுக்காகத் தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்பட்டது – மன்னிப்புக் கடிதம் கேட்டு வற்புறுத்துவது – பெண் தொழிலாளர்களின் வாயைத் திறந்து சோதிப்பது – நடவடிக்கை கோருதல்.

பார்வை: 1) நிர்வாகம் எனக்குக் கொடுத்த மெமோ, நாள் 15.10.1991. 2) எனது எழுத்து மூல விளக்கம், நாள் 18.10.1991.

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த 14.10.1991 திங்கட்கிழமை மாலை தேநீர் இடைவேளையில், உடை மாற்றும் அறையில், என்னைச் சுற்றி ஏறத்தாழ நாற்பது பெண்கள் நின்றிருந்தபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: “இது என் சாக்லெட். இன்று காலை பஸ் நிறுத்தத்தில் கண்ணப்பன் கடையில் வாங்கினேன்.” சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் நிர்வாகம் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று மெமோவில் எழுதியிருக்கிறது. நான் எதை ஒப்புக்கொண்டேன், எதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத் தங்களுக்குத் தெளிவாகச் சொல்லவே இம்மனு.

2. ஒரகடம் சாலையில் உள்ள சாக்லெட் தொழிற்சாலையில், உறை சுற்றும் பிரிவில், கடந்த மே மாதம் முதல் வேலை செய்கிறேன். மேசைக்கு வரும் சாக்லெட் பட்டைகளுக்கு வெள்ளித்தாள் சுற்றி, அதன்மேல் அச்சிட்ட காகித உறை போட்டு ஒட்டுவது என் வேலை. ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. இதற்கு முன் ஒரு மெமோ வாங்கியதில்லை.

3. எங்கள் தொழிற்சாலையில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. புதிதாகச் சேரும் பெண்கள் முதல் மூன்று நாட்கள் மேசையில் இருப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் முடிவதற்குள் திகட்டிவிடும், அதன் பிறகு வாசனையே பிடிக்காமல் போகும், கை நீளாது என்பது கணக்கு. என்னுடன் சேர்ந்த ஏழு பேரும் அப்படித்தான் தின்றார்கள். ஒருவருக்கு வாந்திகூட வந்தது. நான் மட்டும் ஒரு துண்டும் தொடவில்லை.

4. காரணம் பெரிய ஒழுக்கம் ஒன்றும் இல்லை. வேலையில் சேர்வதற்கு முந்தைய வாரம் காஞ்சிபுரம் ரயில் நிலையத்து எடை இயந்திரத்தில் காசு போட்டேன். எழுபத்தொரு கிலோ என்று அட்டை வந்தது. என்னைக் குறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பெண் பார்க்க யாரும் வரவில்லை. வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த உணவுப் பட்டியலை வெட்டி எடுத்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி, நானே தொடங்கினேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் வெள்ளரிக்காயும் மோரும். எண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை. ஐந்து மாதங்களில் ஐந்து கிலோ குறைந்தேன்.

5. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்காரும் கங்கம்மாள் அக்கா, “இன்னும் எத்தினி நாளு மதி இந்த வெள்ளரிக்காயக் கட்டிகினு அழுவப் போற? நாங்கல்லாம் குண்டாத்தான் கீறோம், செத்தா பூட்டோம்?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறந்தநாள் என்று யாராவது மிட்டாய் நீட்டினால், “நான் தொடுறதில்ல” என்பேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் 14ஆம் தேதி என் வாயை அடைத்தது.

6. ஏனென்றால் நான் தொடாமல் இருந்ததில்லை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சாக்லெட்டைக் கையில் எடுத்துக் கையிலிருந்து கீழே வைக்கிறேன். முடியில் அதன் வாசனை, துப்பட்டாவில் அதன் வாசனை. பிறர் மூன்று நாளில் திகட்டித் தொலைத்ததை நான் ஐந்து மாதமாக முழுசாக வைத்திருந்தேன். தாங்க முடியாத நாளில் வெளியே கடையில் ஒன்று வாங்கி, ஒளிந்து நின்று தின்பேன். தின்று முடித்ததும் உறையின் பின்பக்கம் தேதியைப் போட்டு, ‘இன்றும் தோற்றேன்’ என்று எழுதி நோட்டுப் புத்தகத்தில் வைத்துவிடுவேன். மறுநாள் தண்டனையாகக் கஞ்சியும் கிடையாது. இப்படி மொத்தம் பன்னிரண்டு உறைகள். என் அம்மாகூடப் பார்க்காதவை. அவற்றை இம்மனுவுடன் இணைத்திருக்கிறேன்.

7. 14ஆம் தேதி காலையில் வாங்கியது பஸ்ஸிலேயே உருகிவிட்டது. இடைவேளையில் வெள்ளித்தாளை நக்கித்தான் தின்ன வேண்டியிருந்தது. அப்போது மேற்பார்வையாளர் கனகம் அவர்கள் உள்ளே வந்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: “இன்னாடி மதி, உதட்டுல இன்னா? மூணு நாளு சும்மாத் துன்னச் சொன்னப்ப வாயத் தொறக்கல. மவராசி மாதிரி நின்னுகினு இருந்த. இதுக்குத்தானா? அன்னிக்குத் துன்னாதவதான் திருடுவான்னு எனக்கு அப்பவே தெரியும்.” சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். உறை என் கைக்குள் மடங்கி இருந்தது. கையை விரித்திருந்தால் போதும். ஆனால் வாங்கித் தின்றேன் என்று சொன்னால் ஐந்து மாதமாக நான் சொன்னது அத்தனையும் பொய் என்றாகும். அந்த நொடியில் திருடி என்ற பெயரைவிட அது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. இன்று நினைத்தால் என் மீதே கோபம் வருகிறது.

8. மேசையிலிருந்து உறை சுற்றாத பட்டை ஒன்றை எடுத்துத் தின்றேன் என்பது குற்றச்சாட்டு. அது உண்மையல்ல என்பதற்கு இரண்டு காரணங்கள். கடையில் வாங்கியதும் எங்கள் தொழிற்சாலைச் சரக்குதான். ஆனால் அன்று எங்கள் மேசையில் ஓடியது 112ஆம் எண் தயாரிப்புத் தொகுதி. இணைத்துள்ள பன்னிரண்டில் கடைசியான அன்றைய உறையில் குத்தியிருக்கும் எண் 47. அது கோடையிலேயே வெளியே போன சரக்கு என்பதைக் கிடங்குப் பதிவேடு காட்டும். மேலும், நாங்கள் உறை சுற்றும் குளிரூட்டிய அறையில் இருக்கும் பட்டை ஒடியுமே தவிர உதட்டில் அப்பாது. இருபது வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் கனகம் அவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைக்காரர் கண்ணப்பன், “நான்தான் குடுத்தேன், எங்க வேணா வந்து சொல்றேம்மா” என்று கூறியுள்ளார்.

9. வெளிப்பண்டத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற விதியை மீறினேன். அதற்குரிய எச்சரிக்கையை ஏற்கிறேன்.

10. இவை அனைத்தையும் 18ஆம் தேதி எழுதிக் கொடுத்தேன். மேலாளர் சுப்பிரமணி அவர்கள் என்னை அழைத்து, உறையை எங்கிருந்து வேண்டுமானாலும் பொறுக்கலாம் என்றார். பிறகு கனிவாகவே, “பொம்பளைங்கன்னா ஆச இருக்கத்தான் செய்யும். ஆசப்பட்டு எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்மா, நாளைக்கே வேலைக்கு வா” என்றார். வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிடு என்றுதான் சொல்கிறார்கள்.

11. ஐயா, நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அந்த இரண்டு வரியில் ஆசை உண்மை, எடுத்தது பொய். பொய்யை எழுதச் சொல்வதோடு நிற்காமல், ஆசையையும் மன்னிப்புக் கேட்க வேண்டிய பட்டியலில் சேர்க்கிறார்கள். ஐந்து மாதமாக அதற்காக என்னிடமே நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு முறை எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறேன். அது போதும். என் உடம்பைக் குறைப்பதும் நான் எடுத்த முடிவு, ஒரு நாள் முடியாமல் தின்பதும் என் பாடு. இரண்டிலும் மேலாளருக்கோ மேற்பார்வையாளருக்கோ வேலை இல்லை. ஆசைப்படுவது குற்றம் என்று எங்கள் தொழிற்சாலையின் வேலை விதிகளான நிலையாணைகளில் எந்தப் பிரிவும் இல்லை. முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

12. என் பெயரைச் சொல்லி 21ஆம் தேதி முதல் உறை சுற்றும் பிரிவுப் பெண்கள் அனைவரையும், மாலை வெளியேறும்போது வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். என்னைவிட மூத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். அன்று நான் பேசியிருந்தால் இது தொடங்கியிருக்காது. ஆகையால் இப்போது பேசுகிறேன்.

13. என்னை நிரந்தரமாக நீக்குவது பற்றிய விசாரணை நவம்பர் 4ஆம் தேதி காலை பத்து மணிக்கு வைக்கப்பட்டுள்ளது. அதற்கு முன் தாங்கள் கிடங்குப் பதிவேட்டை வரவழைத்துத் தொகுதி எண்ணைச் சரிபார்க்கவும், என் பணிப் பதிவில் உள்ள ‘திருட்டு’ என்ற சொல்லை நீக்கச் செய்யவும், வாய்ச் சோதனையை உடனே நிறுத்த ஆணையிடவும் வேண்டுகிறேன். இரக்கம் கேட்கவில்லை. எண்ணைப் பார்த்தால் போதும்.

இடம்: சுங்குவார்சத்திரம்
நாள்: 29.10.1991

தங்கள் உண்மையுள்ள,
கோ. அறிவுமதி

இணைப்பு: மெமோ, விளக்கக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள், கண்ணப்பனின் கையொப்பமிட்ட வாக்குமூலம், உறைகள் – 12.

பின்குறிப்பு (30.10.1991): மனுவைத் தபாலில் சேர்க்கும் முன் இதையும் எழுதுகிறேன். நேற்று மாலைச் சோதனையில் கங்கம்மாள் வாயைத் திறக்க மறுத்துவிட்டார். ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தும் திறக்கவில்லை. இன்று காலை அவருக்கும் தற்காலிகப் பணி நீக்கக் கடிதம் கொடுக்கப்பட்டது. அவருடைய விசாரணையும் நவம்பர் 4, காலை பத்து மணிக்கே.