குச்சி அடுக்கும் பாட்டு

15-6-59, திங்கள்

மேகம் இல்லை. குச்சி காய நல்ல வெயில். மனுஷன் காய அதைவிட நல்ல வெயில்.

இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவனும் நம்பமாட்டான். இது சத்தியம். எழுதுவது, சிவகாசிச் சீமையின் சங்கீத சக்கரவர்த்தி. உத்தியோகம், தீப்பெட்டி ஆபீசில் சட்டம் சுமப்பது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குச்சிகளை ஒவ்வொன்றாகக் கட்டையில் பதித்து, கட்டை மேல் கட்டை வைத்துச் சட்டம் நிரப்புவார்கள். நிரம்பியதை மருந்து முக்கும் அறைக்குத் தூக்கிப் போவது நான். என் அக்கா அன்னமரியாளும் அந்த வரிசையில்தான். பார்வை மட்டு.

இன்று கை சும்மா இருந்த நேரத்தில் ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினேன். பாட்டு தானாக வந்தது.

ஒத்தக் குச்சி ரெட்டக் குச்சி ஊரடுப்பு எரியுது
சட்டம் மேல சட்டம் வச்சு எங்க முதுகு ஒடியுது

தண்ணீர் இல்லாமலே வைப்பாறு கரை புரண்டது. ஆனைக்குட்டத்து எருமைகள் எழுந்து நின்று மரியாதை செய்தன. பக்கத்துக் கொட்டகைப் பெண்கள் ஜன்னலில் தொங்கினார்கள்.

"மாமா, இன்னும் வெரசா அடிங்க" என்றாள் பாக்கியம். வாயாடி. கொட்டகைக்கே நான் மாமா.

வேகமாக அடித்தேன். கைகள் தாளத்தோடு பறந்தன. அக்கா மட்டும், "ஏலே தம்பி, மெள்ளப் பாடுலே. என் கை ஓடமாட்டேங்கு" என்றாள்.

"சங்கீதத்துக்குக் கடிவாளம் போடாதக்கா." எல்லாரும் சிரித்தார்கள். அவளும்.

17-6-59, புதன்

அதே வெயில். மேஸ்திரி வந்து நின்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன். முழுப் பாட்டையும் கேட்டார். அடுக்கி வைத்த சட்டங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"மாமா, பிரமாதம். நிறுத்தாதீக."

தொண்டைக்குப் பனங்கற்கண்டு வேறு கொடுத்தனுப்பினார். கர்வத்தில் தலை வீங்கி, கொட்டகை வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது.

வாங்க வேண்டியது: ஓட்டையில்லாத டின். சுக்கு. அக்கா விரலுக்கு விளக்கெண்ணெய் (நகக்கண்ணில் வெடிப்பு).

20-6-59, சனி

சாயங்காலம் மேஸ்திரி எல்லாரையும் நிறுத்திச் சொன்னது:

"இந்த வாரம் அடுக்குன எண்ணிக்கைதான் இனிமே எண்ணிக்கை. கைதான் ஓடுதுல்ல, பிறகென்ன? கொறஞ்சவுக வர வேண்டாம்."

கிளம்பும்போது பாக்கியம் மட்டும் என்னிடம், "நல்லாப் பாடுனீக மாமா."

விளக்கெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

22-6-59, திங்கள்

புழுக்கம். பாட்டை இழுத்து இழுத்து, சாவு வீட்டு நடையில் பாடினேன். கைகள் மெதுவாகவில்லை. பயத்துக்கு அதற்கென்று ஒரு தாளம். மத்தியானம் பாட்டையே நிறுத்தினேன்.

பாக்கியம் தலை நிமிராமல், "நிறுத்தாதீக மாமா. பாட்டு நின்னா கையும் நின்னுரும்."

திரும்ப அடித்தேன். வேகமாக.

அக்கா பக்கம் சட்டம் குறைவு. தூக்கும் சாக்கில் பாக்கியத்தின் சட்டம் ஒன்றை அக்கா அடுக்கில் நைசாகச் சேர்த்தேன். அக்காவே எடுத்துத் திருப்பி வைத்தாள். "அவளுக்கும் பிள்ளைக இருக்குலே."

24-6-59, புதன்

முடிந்தது. மேஸ்திரி மரியாதையாகத்தான் சொன்னார். "நாளையிலருந்து வீட்டுல இருங்கம்மா." அக்கா உட்காரும் சாக்கை உதறி, நாலாக மடித்து, தூக்குச்சட்டியோடு எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. பார்வை மட்டு என்பதால் இருக்கலாம்.

நான் சாயங்காலம் வரை டின் அடித்தேன். அடித்துத்தான் ஆக வேண்டும். மற்றவர்களும் எண்ணிக்கை முடிக்க வேண்டுமே.

26-6-59, வெள்ளி

இரண்டு தூறல். குச்சி காயவில்லை. பல்வலி. அக்கா இடத்தில் புது ஆள், வேகமான கை. "இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் இங்கன வேலைக்கு வந்தேன்" என்கிறாள்.

28-6-59, ஞாயிறு

மாதா கோயிலில் நீண்ட பிரசங்கம். அக்கா கண்ணை மூடியிருந்தாள். மடியில் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. குச்சி எடுக்கிறது, பதிக்கிறது, எடுக்கிறது, பதிக்கிறது. என் பாட்டின் தாளம், ஒரு அடி பிந்தாமல். ஆபீசில் ஒரு நாளும் வராத வேகம்.

அந்தக் கையை என் கையால் மூடினேன். உள்ளே அசைவு நிற்கவில்லை.

இந்த நோட்டை யாராவது எடுத்துப் படித்தால்: வைப்பாறு புளுகு. எருமை புளுகு. சங்கீத சக்கரவர்த்தி மகா புளுகு. மிச்சத்தையும் நம்ப வேண்டாம். முதல் நாள் அக்கா "மெள்ளப் பாடுலே" என்று சொன்னது மட்டும் நிஜம். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.