பழைய வேலி தெரியும் படம்

வைட்ஃபீல்ட், பெங்களூரு
நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள மகள் சோனியாவுக்கு டாடி எழுதுவது.

கர்த்தர் கிருபையில் நானும் மம்மியும் சுகம். நீயும் சுகம் என்று வழக்கம்போல் நானே எழுதி முடித்துவிடலாம், ஆனால் இந்தத் தடவை அதை நீ எழுதி நான் படிக்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். கவர் வீட்டுக்கு வராமல் நீ வேலை செய்யும் பல் கிளினிக்குக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெல்போர்னில் அந்த வீட்டில்தான் நீ இன்னும் இருக்கிறாயா என்று எனக்குச் சந்தேகம், அதனால்தான் கிளினிக் முகவரி எழுதினேன். போனில் கேட்கலாம்தான். ஆனால் நான் ஒன்று கேட்பேன், நீ ஒன்று சொல்வாய், அதிலிருந்து நான் இன்னொன்று கேட்பேன், கடைசியில் நெட் சரியில்லை டாடி என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது, அது உனக்கும் நல்லது எனக்கும் நல்லது.

முதலில் வீட்டு விஷயம். மம்மியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறுவதில்லை, அதனால் மொட்டை மாடித் தோட்டம் முழுக்க என் பொறுப்பு. எதிரே கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மெண்ட் பதினான்கு மாடி ஏறிவிட்டது, காலை வெயில் ஒன்பது மணிக்கு மேல்தான் நம் தொட்டிகளுக்கு வருகிறது, ரோஜாவுக்கு அது போதவில்லை, செம்பருத்தி மட்டும் கவலைப்படாமல் பூக்கிறது. அந்தச் செம்பருத்தியால் போன மாதம் ஒரு வம்பு. தினமும் காலையில் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கப் போனால் முந்தின நாள் பார்த்துவைத்த மொட்டு இருக்காது, காம்பு மட்டும் நிற்கும். பக்கத்து வீட்டு லட்சுமம்மாவின் மாடி நம் மாடியை ஒட்டியே இருக்கிறது, விடிந்தால் பூஜைக்குப் பூ தேடுகிறவர், எனக்கு வேறு யார்மேல் சந்தேகம் வரும். பூ வேண்டுமென்றால் கேட்டு எடுத்துக்கொள்ளலாமே என்று ஜாடையாகச் சொல்லிவிட்டேன். நன்ன மேலே டவுட்டா பீட்டரண்ணா, என்மேலா சந்தேகம் என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு உள்ளே போனவர் நான்கு நாள் முகம் கொடுக்கவில்லை. நானும் விடவில்லை, தொட்டிக்கு எதிரே செங்கல் அடுக்கி அதன்மேல் போனை வீடியோவில் போட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் அணில். மொட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிதானமாகத் தின்கிறது, நடுவில் ஒரு முறை திரும்பிப் போனை வேறு பார்த்துக்கொள்கிறது. அந்த வீடியோவைக் கொண்டுபோய் லட்சுமம்மாவிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன், மம்மி இரண்டு நாள் சிரித்தாள். தங்கவயல் டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த புத்தி, சுரங்கத்துக்குள் இறங்க வருகிறவன் தன் டோக்கனைத்தான் நீட்டுகிறானா, லீவில் இருக்கும் அண்ணன் டோக்கனை நீட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தே பிடித்த புத்தி, அது எங்கே போகும்.

இதை இவ்வளவு விரிவாக ஏன் எழுதினேன் என்றால் என் சந்தேகம் தப்பாகவும் போகும் என்று எனக்குத் தெரியும். இனி எழுதப் போவதும் தப்பாக இருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நம் தோட்டத்திலிருந்து ஒரு படம் நான் அனுப்ப வேண்டும், உன் தோட்டத்திலிருந்து ஒன்று நீ அனுப்ப வேண்டும், பூவோ, வந்துபோன பறவையோ பூச்சியோ எதுவானாலும் அந்த வாரம் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று மூன்று வருடம் முன்பு சட்டம் போட்டவனும் நான்தான். இந்த ஜூலையில் நீ அனுப்பியது ரோஜா, நிறைய பூ, ஒரு பூவுக்குள் தேனீ. அழகாகத்தான் இருந்தது. ஆனால் போன வருடம் அதே ஜூலையில் இங்கே கடும் குளிர் டாடி, ரோஜாவை வெட்டிவிட்டோம் என்று வெறும் குச்சிகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். ஒரு வருடத்தில் ஊரின் பருவமா மாறிவிடும் என்று யோசித்தேன், சரி, எனக்கென்ன தெரியும் உங்கள் ஊரைப் பற்றி என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில் அந்த நாக்கு நீலமாக இருக்கும் குண்டுப் பல்லி வெயில் காய்கிற படம் வந்தது. குளிர் முடிகிறவரை அது கல்லுக்கடியை விட்டு வெளியே வராது என்று சொன்னவள் நீ. அப்போதும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் பல்லிக்குப் பின்னால் வேலி தெரிந்தது, ஒரு பலகை பெயர்ந்துபோன பழைய மர வேலி. அது மார்ச் மாதக் காற்றில் விழுந்துவிட்டது, மாப்பிள்ளை தகர வேலி போட்டுவிட்டார் என்று நீதானே எழுதினாய். மார்ச்சில் விழுந்த வேலி ஆகஸ்டில் எழுந்து நிற்காது, சோனியா.

செப்டம்பரிலிருந்து வேறு மாதிரிப் படங்கள். ஒரே தொட்டி, அதில் ஒரு சிவப்புப் பூ, மிகவும் கிட்டத்தில் எடுத்தது, பின்னால் எல்லாம் மங்கல். போன வாரம் ஒரு புறா. அந்தப் புறா உட்கார்ந்திருப்பது இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்குக் கீழே வெகு ஆழத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு காரின் கூரை. உன் வீடு தரைவீடு, தோட்டத்தில் நின்றால் காரின் கூரை கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு தானாகவே போன் செய்து மம்மியின் முழங்காலை விசாரிக்கிற அருண்குமார் மாப்பிள்ளையும் ஜூலைக்குப் பிறகு பேசவில்லை, கேட்டால் ஆபீசில் வேலை அதிகம் என்கிறாய். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, என் மகள் ஏதோ ஒரு மாடியில் தனியாக இருக்கிறாள், எங்களிடம் சொல்லாமல் இருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. மாப்பிள்ளை மேல் பழி எதுவும் போடவில்லை, அணில் விஷயத்தில் பட்டது போதும். பயம் மட்டும்தான் இருக்கிறது.

மம்மிக்குத் தெரியாமல் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அவளுடைய டைரியை எடுத்தேன். நீ அனுப்புகிற படங்களை எல்லாம் கடுகோடி ஸ்டூடியோவில் பிரிண்ட் போடச் சொல்லி அதில் ஒட்டுவாள், ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி எழுதுவாள், ஒரு வாரம்கூட விட்டதில்லை. ஜூலை ரோஜாவுக்குக் கீழே தேதி இல்லை. பல்லிக்கும் இல்லை. அந்த இரண்டு மாதத்துப் படம் ஒன்றுக்கும் இல்லை. செப்டம்பரில் அந்தத் தொட்டிப் பூ வந்ததிலிருந்து மறுபடியும் ஒழுங்காகத் தேதி போட்டிருக்கிறாள். டைரியோடு மம்மியிடம் நேராகப் போய்க் கேட்டேன். ஜூலையிலேயே எனக்குத் தெரியும், அவளா சொல்லட்டும்னு இருந்தேன், உங்ககிட்ட சொன்னா நீங்க அவளைக் கேப்பீங்க, நீங்க கேட்டா அது கேக்கிற மாதிரி இருக்காது, என்கொயரி மாதிரி இருக்கும் என்று அரிசி களைந்துகொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, பெற்றவர்களுக்குப் பழைய படத்தை அனுப்பி ஏமாற்றலாமா என்று கத்தினேன். ஏன், பிப்ரவரியில நீங்க செஞ்சது மட்டும் என்ன என்று திருப்பிக் கேட்டாள்.

அதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். பிப்ரவரியில் இரண்டு ஞாயிறு நான் அனுப்பிய தேன்சிட்டுக் கூடு அதற்கு முந்தைய வருடத்துக் கூடு. குஞ்சு பொரித்துவிட்டதா டாடி என்று நீ கேட்டாய், இரண்டு என்று பதில் எழுதினேன். இந்த வருடம் நம் மாடியில் தேன்சிட்டு கூடே கட்டவில்லை. அப்போது மம்மி ஆஸ்பத்திரியில் இருந்தாள், இருதயத்தில் ஒரு அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள், பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள், போன வாரம்கூட டாக்டர் பார்த்துவிட்டு நல்லதாகத்தான் சொன்னார், வேண்டுமானால் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன், அதில் தேதி இருக்கும். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று நினைத்து மறைத்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் பழைய படம் தேடியபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அந்த இரண்டு வாரமும் நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை. ஜூலையில் நீயும் அப்படித்தான் எங்கேயோ உட்கார்ந்து தேடியிருப்பாய் என்று நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. எங்களுக்கு வருத்தம் கொடுக்கக் கூடாது என்றுதான் செய்திருப்பாய். மன்னித்துக்கொள், நானும் அதையேதான் செய்தேன்.

ஆகவே மகளே, ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. யார் பக்கம் நியாயம் என்றும் கேட்க மாட்டேன். சர்ச்சில் யாராவது கேட்டால் என் மகள் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன், அதற்குமேல் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயே இருப்பதானால் இரு, வருவதானால் உன் அறை காலியாகத்தான் இருக்கிறது, மம்மி வாராவாரம் பெட்ஷீட் மாற்றுகிறாள், எதற்கு என்று இத்தனை நாள் புரியவில்லை. அந்த மாடியில் குளிர் காற்று நேராக அடிக்கும், காதுக்குத் துணி கட்டிக்கொள், பிரெட்டை வைத்தே நாளைத் தள்ளாதே, சாதம் வைத்துச் சாப்பிடு. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மம்மியும் நானும் காலையிலும் மாலையிலும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபம் முடிக்கிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பூ வேண்டாம், புறாவும் வேண்டாம். ஜூன் மாதம் மம்மியின் பிறந்தநாளன்று வீடியோவில் பார்த்ததோடு சரி, ஐந்து மாதமாக உன் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. அழுத முகமாக இருந்தாலும் பரவாயில்லை, கேமராவை உன் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் டாடி
பீட்டர்