தூணடி மணல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?

இங்கே பால வேலையில ஒரு கூத்து. வெள்ளம் பாலத்தூணுக்கு அடியில் தோண்டின பள்ளத்தை, வடியும்போது பொல பொலன்னு மணல் போட்டு மூடிடும். கம்பியால குத்திப் பார்க்காம கால் வைக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் கத்துறவ நான்தான். சமமாத்தானே இருக்குன்னு நானே கால் வைச்சேன். இடுப்புவரை உள்ளே போயிட்டேன்! கிரேன்காரர் கயிறு போட்டு இழுத்தார். ஒரு பூட்ஸ் ஆத்தோட போச்சு. "இன்னொண்ணையும் ஆத்துல போட்டுடுங்க மேடம், ஜோடி பிரியக் கூடாது"ன்னு சிரிக்கிறார். நாளைக்குப் பாறாங்கல் கொட்டுறோம். அதுவரைக்கும் பாலத்தில் பஸ் கிடையாது.

தடியான காலுறை ரெண்டு ஜோடி அனுப்புங்க. வண்டி ஹாரன் அடிக்குது, கிளம்பணும்.

போன்ல கேட்டா, "நல்லா இருக்கேன்"னு உடனே சொல்லிடறேன். அதோட விட்டுடாதீங்க. கம்பியால குத்திப் பார்க்கிற மாதிரி இன்னொரு தடவை கேளுங்கப்பா.

உங்க மக