வெட்டிய மரங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நேற்று போனில் நான் கத்தியதில் "எல்லாத்தையும் வெட்டியாச்சு" என்ற ஒன்றுதான் உன் காதில் விழுந்ததாம். "சரி விடு, மனசைத் தளரவிடாதே" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ வேலை பார்க்கும் துறைமுகத்து இரைச்சலில் உன்னோடு பேசுவதற்கு, இப்படி உட்கார்ந்து எழுதிவிடுவதே மேல்.

வெட்டினோம், உண்மைதான். ஆனால் நீ நினைத்த மாதிரி இல்லை. ஜெயித்துவிட்டோம் அண்ணா.

உன் வாழைத் தோட்டத்தை நான் சோதனைக்குக் கேட்டபோது நீ சிரித்தாய். "செத்த மண்ணுல உனக்கு என்னடி வேலை, பூஞ்சை டாக்டர்?" என்றாய். நியாயம்தான். இலைகள் மஞ்சளாகி, மடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கியதையும், தண்டை வெட்டியபோது உள்ளே செம்பழுப்பாக வளையம் ஓடியிருந்ததையும் பார்த்தவன் நீ. அந்தப் பூஞ்சை மண்ணுக்குள் போய்விட்டால் நம் ஆயுசுக்கும் போகாது, மருந்தும் கிடையாது. அன்றைக்கு அரிவாளை வாய்க்காலில் வீசிவிட்டு ஊரைவிட்டே கிளம்பியவன்தானே நீ.

ஆனால் எனக்கு வேண்டியதே அந்த மண்தான். ஆய்வுக்கூடத் தொட்டிகளில் எங்கள் கன்றுகள் நன்றாகத்தான் நின்றன. எங்கள் இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, "தொட்டியில யார் வேணா ஜெயிக்கலாம். நோய் ஊறிப்போன மண்ணுல நட்டுக் காட்டு" என்றார். பல தோட்டங்களின் மண்ணைச் சோதித்தோம். நோயில் முதல் மதிப்பெண் உன் தோட்டத்துக்கு! பெருமையாகச் சொல்லிக்கொள்.

நாங்கள் செய்தது என்ன என்று நீ கேட்டதே இல்லை, நானே சொல்கிறேன். காட்டில் ஒரு வாழை இருக்கிறது. பழமெல்லாம் கொட்டை, வாயில் வைக்க முடியாது. ஆனால் இந்தப் பூஞ்சை அதன் கிட்டே போக முடிவதில்லை. அதற்குக் காவல் நிற்கும் மரபணு ஒன்றை எடுத்து, நம் வாழையின் செல்லுக்குள் சேர்த்துக் கன்றாக வளர்த்தோம். அவ்வளவுதான். அதைச் செய்து முடிக்கத்தான் என் தலை பாதி நரைத்தது.

அண்ணிதான் தோட்டத்துக்கு மேற்பார்வை. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. யார் வந்தாலும் காலணியைக் கழுவாமல் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. இயக்குநர் ஒருநாள் போன் பேசிக்கொண்டே நுழையப் பார்த்தார். "ஐயா, பேச்சை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல காலைக் கழுவுங்க" என்று அண்ணி மறித்துவிட்டாள். அதிலிருந்து அவர் தெருமுனையிலேயே போனை அணைத்துவிடுகிறார். பக்கத்து டிராக்டர்காரர்தான் டீக்கடையில் உட்கார்ந்து, "கண்டதையும் கலந்து என்னத்தையோ நடறாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு பயம் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நட்டிருந்த சாதாரண வாழைகள் ஒவ்வொன்றாக வாட ஆரம்பித்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எங்கள் வரிசையிலும் ஒரு மரத்தில் இலை மஞ்சளானது. உடனே அதை வெட்டினேன். தண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் ஒரு துளை, துளைக்குள் கொழுத்த வண்டு. வண்டுக்கு மருந்து இருக்கிறது! ஒரு வண்டைப் பார்த்து இப்படிச் சிரித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்றுதான் பெரிய நாள். அனுமதிக் குழு அதிகாரிகள் வந்தார்கள். மரம் வெளியே பச்சையாக நின்றால் போதாது, உள்ளே பூஞ்சை ஒளிந்திருக்கலாம் என்பதால், தார் முற்றியதும் எல்லா மரத்தையும் வெட்டிப் பார்த்தாக வேண்டும். மிச்சம் நின்ற சாதாரண வாழைகளை முதலில் வெட்டினார்கள். அதே வளையம், அதே நாற்றம். பிறகு எங்களுடையது. முதல் மரம் வெள்ளை. அதிகாரியம்மா நம்பவில்லை, தானே நடந்து போய், தாழ்வான மூலையில் ஒரு மரத்தைக் காட்டினார். அதுவும் வெள்ளை. அப்புறம் வெட்ட வெட்ட வெள்ளைதான் அண்ணா! இயக்குநர் புது கால்சட்டையோடு வரப்பில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பாராட்டியே பழகாத மனிதர், "சாதிச்சுட்டியேம்மா" என்றார்.

கடைசி மரத்துக்கு அண்ணி அரிவாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரே வெட்டு. பால் தெறித்து அவள் உடுப்பெல்லாம் கறை. வெட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டிராக்டர்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அது சரி, எனக்குக் கன்னு எப்ப தருவீங்க?" என்றார். அதிகாரியம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அவருக்கு இப்போது தர முடியாது. இன்னும் சோதனைகள் இருக்கின்றன. தின்றால் கெடுதல் இல்லை என்பதையும் தனியாக நிரூபிக்க வேண்டும். அதனால் அத்தனை தாரையும் விதிப்படி குழி தோண்டிப் புதைத்தோம். முட்டுக்கொடுத்து நிறுத்திய தார்கள். ஒரு பழம் யாரும் வாயில் வைக்கவில்லை. வயிறு எரிந்தது, ஆனாலும் கல்யாண வீட்டில் வேலை செய்கிற மாதிரிதான் எல்லோரும் மண்ணைத் தள்ளினோம்.

மழை முடிந்ததும் அடுத்த சோதனைக்காகத் தோட்டம் முழுக்க நடப் போகிறோம், அக்கம்பக்கத்து நிலங்களையும் சேர்த்து. அதைப் பார்த்துக்கொள்ள, இந்த மண்ணைத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் இயக்குநர். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணி, "ஆள் இருக்கு. கொஞ்சம் தூரத்துல இருக்கு" என்றாள். அவர் வேறு யாரையும் தேடவில்லை.

கடிதத்தை மடிக்கும் முன், அவள் சார்பில் உனக்கு என்ன எழுதட்டும் என்று அண்ணியிடம் கேட்டேன். "வாழை நல்லா இருக்குன்னு எழுது" என்றாள். போனவள், கதவருகே நின்று திரும்பினாள்.

"நானும் நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதிடாதே" என்றாள்.

எழுதவில்லை அண்ணா. நீயே வந்து பார்த்துக்கொள்.

வழி பார்த்திருக்கும்,
உன் தங்கை